இருபதடி இடமும் ஒரு வெண்பட்டு வேட்டியும்

அப்பாவுக்கு வைகாசியில் எழுபது. திருக்கடையூர் போவதா, வீட்டோடு ஒரு ஹோமம் வைத்து முடித்துக்கொள்வதா என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது அம்மா நடுவில் புகுந்து ஒன்று சொன்னார்: “எங்க வேணா வெச்சுக்குங்க. எங்க ரெண்டு பேரையும் மட்டும் தனியா ஒரு படம் எடுத்துருங்க. கல்யாணத்துக்கு அப்புறம் அப்படி ஒண்ணு இல்லவே இல்ல.”

யோசித்துப் பார்த்தால் நிஜம்தான். பீரோவில் ஆல்பங்களுக்குக் குறைவில்லை. எல்லாவற்றிலும் இவர்கள் யாருடைய கல்யாண மேடையிலோ ஓரமாக, இருபது பேரோடு நிற்கிறார்கள். செல்போனில் இருப்பவை இன்னும் மோசம். ஒன்றில் அம்மா கண்ணை மூடியிருப்பார்; மற்றதில் அப்பா, போனைப் பிடித்திருப்பவனுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருப்பார்.

எனக்கு இதில் தனியாக ஓர் உறுத்தலும் உண்டு. சேலம் அம்மாப்பேட்டை வீட்டுக் கூடத்தில் மாலையோடு தொங்கும் தாத்தாவின் படம், அவர் போன பிறகு ஒரு குரூப் போட்டோவிலிருந்து வெட்டிப் பெரிதாக்கியது. பின்னணியை நீலமாகத் தீட்டியவர், தோளை மறந்துவிட்டார். தாத்தாவின் இடது தோளில் யாருடைய விரல்களோ நான்கு இன்றைக்கும் இருக்கின்றன.

சரி, படம் எடுப்பது என்று முடிவாகிவிட்டது. எங்கே, எப்படி என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. பேட்டைக்குள் இருக்கும் பழைய ஸ்டூடியோ போதும் என்றார் அம்மா. ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் செட் போட்டு வைத்திருக்கிறார்களே, அங்கே போகலாம் என்றார் சித்தி. வீட்டுக்கே லைட்டோடு ஆள் வருவார் என்றார் மாப்பிள்ளை. தங்கைக்கு ஏற்காடு. எனக்கு மனசுக்குள் ஐந்தாவதாக ஒன்று: நானே எங்கள் வீட்டு ஜன்னலோரம் எடுத்துவிடலாம். கல்லூரி முடித்த கையோடு செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஸ்டூடியோவில் இரண்டு வருஷம் லைட் பிடித்தவன் என்பதால், தீர்ப்புச் சொல்லும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது.

முதலில் அடிக் கணக்கு

எந்த லைட், எந்தக் கேமரா என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். நான் டேப்பை எடுத்து அறையை அளப்பேன்.

காரணம் மூக்கு. மூக்கு நுனியிலிருந்து காது வரை ஏறக்குறைய ஐந்து அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டடி தூரத்தில் போனைப் பிடித்தால் மூக்கு 24 அங்குலத்தில், காது 29 அங்குலத்தில். அதாவது காதோடு ஒப்பிட்டால் மூக்கு ஐந்தில் ஒரு பங்கு பெரிதாக விழும். அதே ஆளை எட்டடி தள்ளி நின்று எடுத்தால் 96-க்கு 101; வித்தியாசம் இருபதில் ஒரு பங்குதான். செல்ஃபியில் நம் முகம் நமக்கே பிடிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். லென்ஸைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, தூரம்தான் முகத்தைத் தீர்மானிக்கிறது. லென்ஸ், அந்தத் தூரத்தில் நின்றுகொண்டு எவ்வளவு வெட்டி எடுக்கிறோம் என்பதை மட்டும்தான் சொல்கிறது.

ஆள் படத்துக்கு 85 மி.மீ. லென்ஸை எல்லோரும் விரும்புவது இந்த எட்டு, பத்து அடி தூரத்தில் அது சரியாகப் பொருந்துவதால்தான். ஃபுல் ஃபிரேம் கேமராவில் (பழைய ஃபிலிம் அளவுக்கே சென்சார் உள்ளது) அந்த லென்ஸைப் போட்டு, நிற்கும் இருவரைத் தலைமுதல் கால்வரை எடுக்க வேண்டுமானால் பதினைந்தரை அடி பின்னால் போக வேண்டும். அவர்களுக்கும் பின்திரைக்கும் நடுவே நாலடியாவது வேண்டும். இல்லையென்றால் நிழல் திரையில் விழும், துணிச் சுருக்கமும் தெரியும். எடுப்பவர் நிற்க ஒன்றரை அடி. ஆக இருபத்தோரு அடி. இருவரும் உட்கார்ந்து, இடுப்பளவு, படுக்கைவாட்டில் என்றால் பதினேழு அடியில் முடியும். ஒரே ஆள், தலையும் தோளும் மட்டும் என்றால் ஐந்தரை அடி பின்னால் நின்றாலே போதும். பதினோரு அடி அறையே போதும்.

எங்கள் கூடம் பத்துக்குப் பதினான்கு. அதிலும் ஒரு மூலையை ஃபிரிட்ஜும் இன்னொரு மூலையை அப்பாவின் ஈஸி சேரும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அப்போதே எனக்குப் பாதி விடை தெரிந்துவிட்டது. ஸ்டூடியோவுக்கு நாம் கொடுக்கும் காசு முதலில் அந்த நீளத்துக்கு. விளக்கெல்லாம் அதற்கு அப்புறம்.

பேட்டை ஸ்டூடியோ

பழைய கடை வீதிகளில் ஸ்டூடியோக்கள் இருக்கும் கட்டடங்களைக் கவனித்திருக்கிறீர்களா? முகப்பு பத்தடி இருக்காது. உள்ளே போனால் ரயில் பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போகும். முன்னால் கவுன்டர், பிரேம் மாட்டிய சுவர், பிரிண்ட் எடுக்கும் மெஷின். திரையை விலக்கினால் பின்னறை. சுவரில் கண்ணாடி, அதன் கீழே ஒரு சீப்பு, பவுடர் டப்பா, ஆணியில் எல்லோருக்கும் பொதுவான ஒரு கறுப்புக் கோட்டு. படிக்கட்டும் பூந்தோட்டமும் வரைந்த திரைகள் போய் இப்போது வெள்ளை, நீலம், மெரூன் என்று சுருட்டி இறக்கும் திரைகள். ஆனால் அந்த நீளம் அப்படியே இருக்கிறது.

இன்னொரு லாபம், எடுப்பவரின் கை. ஒரு நாளைக்கு முப்பது முகத்தைப் பார்க்கிற மனிதர் அவர். “அய்யா, தாடையைக் கொஞ்சம் இறக்குங்க” என்று அவர் சொன்னால் அப்பா இறக்குவார். நான் சொன்னால் “எனக்குத் தெரியும்டா” என்பார்.

குறை என்ன? அங்கே லைட் பாஸ்போர்ட் போட்டோவுக்காக வைத்தது. இரண்டு பக்கமும் ஒரே உயரம், ஒரே தூரம், ஒரே அளவு. முகத்தில் நிழலே இருக்காது. விண்ணப்பத்தில் ஒட்ட அது சரி. கூடத்தில் மாட்டினால் ஆள் அட்டை மாதிரித் தட்டையாக இருப்பார். இதற்கு நாம் சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை: “அந்த ஒரு லைட்டை மட்டும் பின்னால தள்ளி வையுங்க.” தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் கால்வாசியாகும் என்பது கணக்கு. நாலடியில் இருப்பதை எட்டடிக்குத் தள்ளினால் முகத்தின் ஒரு பக்கம் மெல்ல இருண்டு, கன்னமும் மூக்குத் தண்டும் எழுந்து வரும். கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நான் பார்த்தவரையில் யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் இருக்கிறார்கள். ஆனால் பள்ளி விடும் சாயங்காலத்திலும் முகூர்த்த நாளிலும் போய்க் கேட்காதீர்கள். வாரநாள், காலை பதினோரு மணி. அப்போதுதான் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள், உங்களுக்கு அரை மணி நேரம் கிடைக்கும்.

பெரிய ஆபத்து படம் எடுத்த பிறகு கம்ப்யூட்டரில் நடக்கிறது. சில வருஷம் முன்பு எங்கள் பெரியம்மாவின் அறுபதாம் கல்யாணப் படத்தை ஒரு ஸ்டூடியோவில் ஆசையாகக் கொடுத்துப் பெரிதாக்கினோம். வந்ததைப் பார்த்தால், உதட்டுக்கு மேலிருந்த மச்சத்தைக் காணோம். நெற்றிச் சுருக்கம் இல்லை. நிறம் இரண்டு படி ஏறியிருந்தது. “நல்லாத்தான இருக்கு?” என்றார் கடைக்காரர், உண்மையாகவே பெருமையோடு. நல்லாத்தான் இருந்தது, பெரியம்மாவாக இல்லை, அவ்வளவுதான். தவறு அவருடையது மட்டும் என்று சொல்ல மாட்டேன்; பத்தில் ஒன்பது பேர் கேட்பது அதைத்தான். அதனால் வேண்டாம் என்றால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: கலர் ஏற்றாதீர்கள், மச்சத்தைத் தொடாதீர்கள், நாளைக்குப் போய்விடும் பருவையோ கொசுக்கடியையோ மட்டும் எடுங்கள்.

வேட்டி படுத்தும் பாடு

இது சேலத்துக்காரர்களுக்கே உரிய தொல்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர் வெண்பட்டை அப்பா விசேஷத்துக்கென்று வைத்திருக்கிறார். மேலே வெள்ளைச் சட்டை. முகம், நாலு தலைமுறை தறியும் வெயிலும் கண்ட மாநிறத்துக்கும் ஒரு பங்கு கூடுதல். கேமராவை ஆட்டோவில் விட்டால் என்னாகும்? படத்தில் பாதிக்கு மேல் வெள்ளை இருப்பதைப் பார்த்து, வெளிச்சம் அதிகம் என்று அது தானாகக் குறைத்துக்கொள்ளும். வேட்டியே மங்கிவிடும், முகம் கரிக்கட்டையாகும். அப்புறம் முகத்தை மட்டும் கம்ப்யூட்டரில் வெளுப்பாக்குவார்கள். சாம்பல் பூசிய மாதிரி ஒரு நிறம் வருமே, அது இப்படித்தான் பிறக்கிறது.

சரியான வழி, வெளிச்ச அளவை முகத்துக்கு எடுத்து, லைட்டை முகத்தின் உயரத்துக்கு மேலே ஏற்றி, அதன் நடுப்பகுதி வேட்டியில் விழாதபடி சற்றே நிமிர்த்தி வைப்பது. முகத்துக்கு முழு வெளிச்சமும் மடிக்குக் குறைவும் கிடைக்கும். பட்டின் நெசவும் கரையும் வெளுத்துப் போகாமல் தெரியும். பின்திரை வெள்ளை வேண்டவே வேண்டாம். வெண்பட்டு அதில் கரைந்து, அப்பா காற்றில் மிதப்பார். அடர் சாம்பல் அல்லது காப்பிப்பொடி நிறம் சொல்லுங்கள். கறுப்பிலும் ஒரு தொந்தரவு இருக்கிறது, அம்மாவின் தலைமுடி திரையோடு கலந்துவிடும்.

பவுடர் டப்பாவையும் தொட வேண்டாம். அடர்ந்த நிறத்தின் மேல் பவுடர் ஃபிளாஷ் வெளிச்சத்தில் வெள்ளையாகப் பூத்து நிற்கும். முகத்தைக் கழுவி, நெற்றியையும் மூக்கையும் பருத்தித் துண்டால் ஒற்றினால் போதும்.

கண்ணாடி போட்டவர்களுக்கு ஒன்று. லைட் மேலே ஏறினால் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி கேமராவுக்குக் கீழே போய்விடும். அப்படியும் தெரிந்தால், காதுக்கு மேல் இருக்கும் கம்பியை அரைக் கால் அங்குலம் தூக்கிவிட்டால் கண்ணாடி முன்பக்கமாகச் சாயும், பிரதிபலிப்பு போய்விடும். கண்ணாடியைக் கழற்றி எடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். முப்பது வருஷமாகக் கண்ணாடியோடு பார்த்த முகத்தை அது இல்லாமல் மாட்டி வைத்து என்ன செய்ய?

ஃபிளாஷா, எரிந்துகொண்டே இருக்கும் எல்.இ.டி.யா என்றும் கேட்பார்கள். அப்பாவுக்கு ஒரு கண்ணில் புரை எடுத்திருக்கிறது. நேரே பெரிய எல்.இ.டி. பலகையை வைத்தால் கண்ணைச் சுருக்கிக்கொள்கிறார். அவருக்கு ஃபிளாஷ்தான் உத்தமம். நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம், அதற்குள் சுருக்க முடியாது. அம்மாவோ ஃபிளாஷ் அடிக்கும் என்ற பயத்திலேயே அதற்கு முன்பே மூடிவிடுவார். அதற்கும் பழைய தந்திரம் உண்டு. “கண்ணை மூடிக்கோங்க, நான் மூணு சொன்னதும் திறங்க.” திறந்த அந்த நொடியில் யாரும் சிமிட்டுவதில்லை.

ஃபேர்லேண்ட்ஸ் பக்கம்

புதிய ஸ்டூடியோக்களில் இடத்துக்குக் குறையில்லை. உயரமான கூரை, ஏ.சி., உடை மாற்றத் தனி அறை. பங்குனி வெயிலில் பட்டுப்புடவை கட்டி வருகிறவர்களுக்கு அந்த ஏ.சி. ஒன்றுக்கே காசு கொடுக்கலாம். ஆனால் அவை குழந்தைப் படத்துக்கும் வளைகாப்புக்கும் கல்யாண ஜோடிக்கும் என்று கட்டப்பட்டவை. ஊஞ்சல், காகிதப் பூ, மாட்டுவண்டிச் சக்கரம், வெளிநாட்டு ஜன்னல். என் பெற்றோரை அந்தச் சக்கரத்தின் மேல் சாய்ந்து நிற்கச் சொல்வதை நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வருகிறது. வெறும் சுவர் ஒன்று இருக்கிறதா என்று போனில் கேட்டேன். “இருக்கு சார், ஆனா யாரும் கேக்க மாட்டாங்க” என்றார்கள். மணிக்கணக்கில், பேக்கேஜாகத்தான் தருகிறார்கள். இரண்டு பேருக்கு ஒரு படம் என்ற எங்கள் தேவைக்கு அது வீண். மேலும் நான் விசாரித்ததில் ஒன்று இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. அம்மாவின் முழங்கால் அதை அப்போதே நிராகரித்துவிட்டது.

அண்ணன் தம்பி, மருமகள்கள், பேரன் பேத்தி என்று பத்துப் பேர் ஒரே படத்தில் வேண்டும் என்பவர்கள் நேரே அங்கேதான் போக வேண்டும். பேட்டை ஸ்டூடியோவில் நீளம் இருக்கிறது, அகலம் கிடையாது.

வீட்டுக்கு வரும் ஆள் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அவர் லைட்டைக் கொண்டு வருவார், இருபதடியைக் கொண்டு வர முடியாது. எங்கள் கூடத்தில் வைத்தால் 35 மி.மீ. லென்ஸைப் போட்டு சுவரோடு ஒட்டி நின்று எடுப்பார். ஓரத்தில் இருப்பவரின் கை தொடை மாதிரித் தெரியும். சீலிங் ஃபேன் வேறு லைட் ஸ்டாண்டின் தலையைத் தட்டும். பெரிய கூடமோ முன்வாசலோ இருப்பவர்களுக்கும், படுக்கையிலிருந்து எழுந்து வர முடியாத பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கும் அவரே வழி. இல்லையா, அவரை மொட்டை மாடிக்குக் கூட்டிப் போங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் மாடிப்படிக் கூண்டின் கிழக்கு நிழலில் நிற்க வைத்தால், எதிரே திறந்த வானம் முழுக்க முகத்துக்கு விளக்காகும். தண்ணீர்த் தொட்டி மட்டும் படத்தில் வராமல் பார்த்துக்கொண்டால் சரி.

விசேஷத்தன்று வரும் போட்டோகிராபரே எடுத்துவிடுவாரே என்று ஒரு பேச்சும் வந்தது. ஹோமப் புகையில் சிவந்த கண், வியர்வையில் இறங்கிய குங்குமம், பக்கவாட்டில் வீடியோ லைட். அது அன்றைய நாளின் படமாக இருக்கும். நாங்கள் கேட்பது வேறு.

ஜன்னலோரம்

என் சொந்தக் கட்சி என்பதால் இதில் கொஞ்சம் பாரபட்சம் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வடக்குப் பார்த்த ஜன்னல்தான் ஆள் படத்துக்குச் சிறந்தது என்று எல்லாப் பாடத்திலும் வரும். நேர் வெயில் விழாது, நாள் முழுக்க ஒரே சீரான வெளிச்சம். இது குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியது. சேலம் பூமத்திய ரேகையிலிருந்து பதினொன்றரை டிகிரிக்குச் சற்று மேலே இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாவது வாரம் வரை நடுப்பகலில் சூரியன் நம் உச்சிக்கு வடக்கே நிற்கும். காலை, மாலைச் சாய்வெயிலோ மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரைக்கும் வடக்கு ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்கும். ஆகவே திசையை நம்பாதீர்கள், வெயில் எந்த நேரத்தில் உங்கள் ஜன்னலில் விழாமல் இருக்கிறது என்று ஒரு நாள் பாருங்கள். விழுந்தே தீரும் என்றால் ஒரு பழைய மல் வேட்டியை ஜன்னலுக்குக் குறுக்கே கட்டினால் முடிந்தது. ஐநூறு ரூபாயும் ஆகாது, ஸ்டூடியோவில் விளக்கின் வெளிச்சத்தை இளக்க மாட்டும் எந்த சாஃப்ட் பாக்ஸுக்கும் அது இளைத்ததில்லை.

அடுத்தது தரை. எங்கள் வீட்டில் காவித் தரை. ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி, தாடைக்குக் கீழே கழுத்தெல்லாம் சிவப்பாக அடிக்கும். இது ஏன் என்று தெரியாமல் நானே ஒரு மாதம் கேமராவை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறேன். தரையில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்தேன், சிவப்புப் போயிற்று. மேலும் தாடைக்குக் கீழ் நிழலும் இளகியது. பச்சைச் சுவர், ரோஸ் சுவர் வீட்டுக்காரர்களுக்கும் இதே வைத்தியம்: ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டை. டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். பகல் வெளிச்சத்தின் நிறமும் அதன் நிறமும் ஒத்துப்போகாது, ஒரு கன்னம் ஒரு நிறம் என்றாகிவிடும்.

உட்காருபவர் ஜன்னலிலிருந்து மூன்றடியில் இருக்கட்டும், ஜன்னலுக்கு நேராக வேண்டாம், பாதி திரும்பி. கண்ணில் ஒரு சின்ன வெள்ளைச் சதுரம் தெரிகிறதா என்று பாருங்கள். அது ஜன்னலின் பிம்பம். அது இல்லாத கண் உயிரில்லாமல் இருக்கும். போனில் எடுப்பதானால் ஒன்றாம் எண் லென்ஸை விட்டு, 2 அல்லது 3 என்று இருப்பதைத் தொட்டு, ஆறடி பின்னால் போங்கள். போர்ட்ரெய்ட் மோடை அணைத்துவிடுவது நல்லது. பின்னணியை மங்கலாக்கும் வேகத்தில் அது அம்மாவின் மல்லிகைச் சரத்தில் பாதியையும் கண்ணாடிக் கம்பியையும் சேர்த்து விழுங்கிவிடும்.

ஒற்றை ஆள் படத்துக்கு இதற்கு மிஞ்சி எதுவும் இல்லை என்பது என் கருத்து. செலவு இல்லை, அவசரம் இல்லை. அந்த நாற்காலியும் அந்த ஜன்னலும் அவர்களுடையவை. இரண்டு பேர் என்று வரும்போதுதான் சிக்கல். ஜன்னலுக்குப் பக்கத்தில் இருப்பவர் மூன்றடியில், அடுத்தவர் ஐந்தடியில். இரண்டாமவருக்குப் பாதி வெளிச்சம்கூடக் கிடைக்காது. அப்பா வெளிச்சத்தில், அம்மா நிழலில் என்று ஒரு படம் எங்கள் வீட்டுக்கு வேண்டாம். அதுவாகவே நாற்பது வருஷம் நடந்திருக்கிறது.

ஏற்காடு

தங்கையின் வாதத்தையும் கேட்க வேண்டுமே. கீழே தார் உருகும்போது மேலே பஞ்சு மாதிரி வெளிச்சம். சுமார் 1,500 மீட்டர் உயரம். மூடுபனி இறங்கிவிட்டால் மலை முழுக்க ஒரே சாஃப்ட் பாக்ஸ். எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் முகத்தில் கடுமையான நிழல் கிடையாது. சேலைகளின் நிறம் அந்தப் பனியில் ஊறினாற்போல வரும். இதை நான் மறுக்கவில்லை.

ஆனால் பனி நம் சொல்படி வராது. வெயில் அடித்தால் அந்த உயரத்தில் அது கத்தி மாதிரி விழும். மேலிருந்து விழுவதால் கண்குழி இரண்டும் கறுத்துவிடும். நிழலுக்கென்று காப்பித் தோட்டத்துக்குள் போனால் சில்வர் ஓக் இலைகளின் வழியே புள்ளி புள்ளியாக ஒளி. முகத்தில் அம்மைத் தழும்பு போட்டது மாதிரி இருக்கும், போதாததற்கு இலைப் பச்சையும் ஏறும். எஸ்டேட்டுக்குள் நுழைய அனுமதி கேட்க வேண்டும். ஏரிக்கரையிலும் பகோடா பாயின்ட்டிலும் நம் பின்னணியில் நாலு குடும்பம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கும். மே மாதக் கோடை விழாச் சமயம் என்றால் சொல்லவே வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேலே, சேலம் பக்கச் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். அப்பாவுக்கு ஏழாவதிலேயே வயிறு புரளும். முப்பது கிலோமீட்டர் ஏறி, முகம் வெளிறி, பஸ் ஸ்டாண்ட் பக்கம் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு நிற்கும் மனிதரை எடுப்பதற்கு எதற்கு அத்தனை அழகான பின்னணி? மலைப் படம் நன்றாக வந்தாலும் அதில் முதலில் கண்ணில் படுவது மலை. தங்கையும் மாப்பிள்ளையும் தங்களை எடுத்துக்கொள்ளட்டும், அவர்களுக்குக் கால் இருக்கிறது, வயிறும் இருக்கிறது.

ஏற்காடு ரோட்டில் போகும்போதெல்லாம் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்ப்பேன். டி. ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய அந்த சினிமா ஸ்டூடியோவில் இப்போது மிஞ்சியிருப்பது அந்த முகப்பு மட்டும்தான். இவ்வளவு அழகான மலை பக்கத்திலேயே இருந்தும் அவர்கள் தளம் கட்டி, கூரை போட்டு, விளக்கை ஏற்றித்தான் முகங்களை எடுத்தார்கள். இதைத் தங்கையிடம் சொன்னேன். அவள் வாதத்தில் தோற்றதாக ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் பேச்சை மாற்றினாள்.

கடைசியில் செய்தது

நான் ஜன்னலுக்கே சாய்ந்திருந்தேன். பெரிய கூடம் உள்ள மாமா வீட்டில் வைத்து இருவரையும் எடுத்துவிடலாம் என்றுகூட யோசித்தேன். அப்பாதான் அதை முறித்தார். “வீட்ல எடுத்தா நான் சட்டைகூட மாத்த மாட்டேன்டா. ஸ்டூடியோக்குப் போனாத்தான் போட்டோ எடுத்த மாதிரி இருக்கும்.” அடிக் கணக்கெல்லாம் போட்ட எனக்கு இது தோன்றவே இல்லை. சவரம் செய்துகொண்டு, வெண்பட்டு கட்டி, ஆட்டோ பிடித்து, முன்கூட்டியே சொல்லி வைத்த இடத்துக்குப் போய் உட்காருவது என்பதே அவருக்குப் பாதிப் படம்.

ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்குப் பேட்டை ஸ்டூடியோவுக்குப் போனோம். காப்பிப்பொடி நிறத் திரை. வலது லைட்டைத் தள்ளி வைக்கச் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சிரித்து, நான் சொன்னதற்கும் இரண்டடி கூடுதலாகத் தள்ளி வைத்தார். அப்பா கை வைத்த நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தபோது தோள் இரண்டும் காதுவரை ஏறின. கை இல்லாத ஸ்டூலை எடுத்துப் போட்டு, முன் விளிம்பில் உட்காரச் சொன்னார் ஸ்டூடியோக்காரர். முதுகு தானாக நிமிர்ந்தது. அம்மாவை நிற்க வைக்கலாமா என்று கேட்டதற்கு அம்மாவே பதில் சொன்னார்: “நானும் உக்காந்துக்கறேன்.” சமமான இரண்டு ஸ்டூல்கள். முப்பது படம் எடுத்து ஒன்றைத் தேர்ந்தோம். முடித்துவிட்டு வெளியே வந்து தட்டுவடை செட் சாப்பிட்டார்கள். முன்பே சாப்பிட்டிருந்தால் பீட்ரூட் துருவல் வெண்பட்டில் விழுந்திருக்கும்; ஆகவே வரிசை முக்கியம்.

அம்மாவைத் தனியாக அடுத்த நாள் காலை, தலை குளித்து முடி உலர்த்திக்கொண்டிருந்தபோது, ஜன்னலோரம் நானே எடுத்தேன். அது எனக்கு.

பிரிண்ட் பற்றி இரண்டு வார்த்தை. 12-க்கு 18 அங்குலம், அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 3,600-க்கு 5,400, கிட்டத்தட்ட 1.9 கோடிப் புள்ளிகள். 24 மெகாபிக்சல் கேமராவுக்கு இது எட்டும். ஆனால் அந்த ஃபைலை வாட்ஸ்அப்பில் படமாக வாங்கினால் எல்லாம் சுருங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது பென்டிரைவ் கொண்டு போங்கள். பிரேம் போடும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே ஓர் அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஐப்பசி ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரித்தால் முகத்தின் பாதி கண்ணாடியில் இருக்கும். வெயில் நேரே விழும் சுவரில் மாட்டாதீர்கள்.

பிரேம் வாங்கப் போன அன்று தாத்தா படத்தையும் எடுத்துப் போயிருந்தேன், ஸ்கேன் செய்து வைக்கலாம் என்று. ஸ்டூடியோக்காரர் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். “இந்த விரலை எடுத்துடட்டுமா? ரெண்டு நிமிஷம்தான்.”

நான் சரி சொல்ல வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

“அது எங்க பெரியப்பா கைங்க. இருக்கட்டும்.”